பி1 விசா நேர்காணல்: ஏஜென்ட்டிடம் கொடுப்பதா, நாமே தயாராவதா?

கரூரில் கிச்சன் டவல் ஏற்றுமதி செய்பவராக இருக்கலாம், கோவையில் பம்ப் தயாரிப்பவராக இருக்கலாம். அமெரிக்க பையர் ஒருநாள் மெயில் போடுகிறார்: செப்டம்பரில் இங்கே வாருங்கள், அடுத்த சீசன் ஆர்டரை உட்கார்ந்து பேசிவிடலாம். அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டிலும் ஆபீசிலும் ஒரே பேச்சுதான். வியாபார விஷயமாகக் கொஞ்ச நாள் போய்வருவதற்கான அமெரிக்க பி1 விசாவை யாரிடம் கொடுப்பது? பழைய ஏஜென்ட் ஒருவர் இருக்கிறார். டிக்கெட் போடும் டிராவல்ஸ்காரர் "நம்மகிட்டயே பண்ணிடலாம்" என்கிறார். ஐடியில் வேலை பார்க்கும் மச்சினன் "நானே போட்டுத் தர்றேன் மாமா" என்கிறான்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டுவது, ஸ்லாட் பார்ப்பது, போட்டோ எடுப்பது போன்ற அலைச்சல் வேலைகளுக்கு ஏஜென்ட்டை வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் எழுதும் பதிலையும் கவுன்டரில் சொல்லும் பதிலையும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. ஏன் என்பது அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, பார்வையாளர் விசா கேட்டு வரும் எவரையும் அங்கேயே தங்கிவிட வருபவர் என்று வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. இல்லை, நான் திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. சந்தேகத்தின் பலன் நமக்குக் கிடையாது. அதைக் காட்டுவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம். சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம் நிற்கிறோம், அந்தப் பக்கம் அதிகாரி. ஏஜென்ட்டோ வக்கீலோ கூட வர முடியாது. அதிகாரியின் திரையில் நம் டி.எஸ்-160 விண்ணப்பம் திறந்திருக்கிறது. அதில் எழுதியிருப்பதும் நம் வாயிலிருந்து வருவதும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கிட்டத்தட்ட மொத்தப் பரீட்சையும்.

ஏஜென்ட்

ஏஜென்ட்டுகளால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லமாட்டேன். கட்டணம் 185 டாலர், அதை ரூபாயில் கட்டி ரசீது எண்ணைக் கணக்கில் ஏற்றுவது, கைரேகை எடுக்கும் மையத்துக்கு ஒரு தேதி, நேர்காணலுக்கு ஒரு தேதி என்று இரண்டையும் பொருத்திப் பிடிப்பது, இரண்டுக்கு இரண்டு அங்குல வெள்ளைப் பின்னணிப் போட்டோ ஏற்க மறுத்தால் திரும்ப எடுப்பது, இதெல்லாம் நேரத்தைத் தின்னும் வேலைகள். ஷிப்மென்ட் நேரத்தில் முதலாளிக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்?

சிக்கல் விண்ணப்பத்தை நிரப்புவதில் வருகிறது. டி.எஸ்-160-இல் உங்கள் வேலையைச் சுருக்கமாக விவரியுங்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பல ஏஜென்ட்டுகள் அதில் போன வாரம் வந்தவருக்கு எழுதியதையே ஈயடிச்சான் காப்பி அடித்துவிடுவார்கள்: நிறுவனத்தின் ஒட்டுமொத்த நிர்வாகத்தைக் கவனிக்கிறேன். இது யாருக்கும் பொருந்தும் என்பதாலேயே யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது. அதே இடத்தில் "கரூரில் 60 தறிகளில் கிச்சன் டவலும் ஏப்ரனும் நெய்து அமெரிக்கக் கடைச் சங்கிலிகளுக்கு அனுப்புகிறேன், விலையும் டெலிவரியும் நான்தான் பேசி முடிப்பேன்" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தால், அதிகாரியின் முதல் இரண்டு கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

அடுத்தது மனப்பாடம். சில ஏஜென்ட்டுகள் கேள்வி பதில் தாள் ஒன்று கொடுப்பார்கள். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டால், எங்கள் மதிப்பிற்குரிய வாடிக்கையாளருடன் வணிகக் கூட்டத்தில் கலந்துகொள்ளும் பொருட்டுச் செல்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம். ஆயுசுக்கும் அப்படிப் பேசியிராத மனுஷன் அங்கே போய்த் திடீரென்று அப்படிப் பேசினால் என்ன ஆகும்? அதிகாரி தாளில் இல்லாத ஒரு கேள்வியைப் போடுவார். "அந்தக் கம்பெனியோடு எத்தனை வருஷமாக வியாபாரம்?" சாதாரணமாகக் கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவார். மனப்பாட ஓட்டத்தில் இருப்பவர் அதற்கே திணறுவார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. விண்ணப்பத்தின் கடைசியில், இதை நிரப்ப யாராவது உதவினார்களா என்று ஒரு கேள்வி. உதவினார்கள் என்றால் அவர் பெயர், முகவரி எல்லாம் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் அங்கே இல்லை என்று அமுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால், உங்கள் கையெழுத்தில் ஒரு பொய் பதிவாகிவிட்டது. மச்சினன் நிரப்பினாலும் இதே கதைதான். முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் அதே சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவில் போய் நிற்கும். அது வாழ்நாள் தடை.

கணக்கின் பாஸ்வேர்டும் மெயில் ஐடியும் யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2025 மார்ச்சில் இந்தியாவில் உள்ள அமெரிக்கத் தூதரகம், தானாகவே ஸ்லாட் பிடிக்கும் பாட் மென்பொருள் வைத்துப் பிடிக்கப்பட்ட சுமார் 2,000 அப்பாயின்ட்மென்ட்டுகளை ரத்து செய்தது. "சீக்கிரம் ஸ்லாட் எடுத்துத் தர்றேன்" என்பவர் அதை எப்படி எடுக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பதில் தப்பில்லை.

நாமே

டி.எஸ்-160 நீளமானதுதான், ஆனால் கஷ்டமானது அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடலாம். 20 நிமிடம் சும்மா விட்டால் பக்கம் மூடிக்கொள்ளும், ஆகவே ஆரம்பத்திலேயே விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு அடிக்கடி சேமிக்க வேண்டும். கடந்த ஐந்து வருஷத்தில் போன நாடுகள், அந்த ஐந்து வருஷத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள், முன்பு விசா மறுக்கப்பட்டதா, பயணச் செலவு யாருடையது, அமெரிக்காவில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அங்கே நெருங்கிய சொந்தம் யாராவது இருக்கிறார்களா என்று போகும். அனுப்பிய பிறகு வரும் உறுதிப் பக்கத்தின் எண்ணும் அப்பாயின்ட்மென்ட் போடும்போது கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட்டவர்கள் கேட்டோடு திரும்பியிருக்கிறார்கள்.

நாமே நிரப்புவதில் உள்ள பெரிய லாபம் செலவு மிச்சம் அல்ல. ஒவ்வொரு கட்டத்தையும் யோசித்து எழுதும்போதே பாதி நேர்காணல் தயாராகிவிடுகிறது. மாத வருமானம் என்ற கட்டத்துக்கு வரும்போது, சம்பளம் வாங்காத முதலாளி என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். ஆடிட்டரைக் கூப்பிட்டுப் போன வருஷ வருமான வரிக் கணக்கில் காட்டியதைப் பன்னிரண்டால் வகுத்து எழுதினால், பிறகு யார் கேட்டாலும் அதே எண் வாயில் வரும். டர்ன்ஓவரும் அப்படித்தான். நம் ஊரில் கல்யாண வீட்டில் சொல்லும் டர்ன்ஓவர் ஒன்று, ஜி.எஸ்.டி. கணக்கில் இருப்பது ஒன்று. கவுன்டரில் சொல்ல வேண்டியது இரண்டாவது.

சொந்தக்காரர் கேள்விதான் பலரைக் குழப்பும். பையன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான், மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். "அதைப் போட்டா தங்கிடுவீங்கன்னு நினைப்பாங்க, போடாதீங்க" என்று யோசனை சொல்வதற்கு ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பையனின் மாணவர் விசா விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருக்கிறது. மறைத்தால் போவது விசா மட்டுமல்ல, அடுத்த முறைக்கான நம்பிக்கையும் சேர்ந்து போகும். இருக்கிறான் என்று எழுதுங்கள். கேட்டால், "ஆமாம், கூட்டம் முடிந்ததும் இரண்டு நாள் அவனோடு இருந்துவிட்டு வருவேன்" என்று சொல்லுங்கள். முப்பது பேருக்குச் சம்பளம் போடும் மனிதர் மகனைப் பார்க்கப் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

நாமே செய்வதில் குறை இல்லாமல் இல்லை. ஆங்கிலப் படிவம் என்றாலே கை நடுங்குபவர்களுக்கு இது சரிப்படாது. அப்படியானவர்கள் பையரோடு ஆர்டர் விவரம் பேசும் ஆபீஸ் மெர்ச்சண்டைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பதிலைத் தாங்கள் சொல்லச் சொல்ல அவரை டைப் அடிக்கச் சொல்லலாம். உதவியவர் என்று அவர் பெயரைப் போட்டுவிட்டால் ஒரு வில்லங்கமும் இல்லை. ஏஜென்ட்டை விட அவருக்கு உங்கள் வியாபாரம் தெரியும்.

கம்பெனி வழியாகப் போகிறவர்கள்

பெரிய நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தேர்வே வராது. டிராவல் டெஸ்க்கும் குடியேற்ற வக்கீலும் சேர்ந்து கடிதம், படிவம் எல்லாம் தயார் செய்துவிடுவார்கள். அங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கடிதத்தில் கூட்டம் என்று இருக்கும், போகிறவருக்குச் சொல்லப்பட்டது வேலை என்று இருக்கும்.

பி1-இல் பையரைச் சந்திக்கலாம், ஒப்பந்தம் பேசலாம், கண்காட்சிக்கும் மாநாட்டுக்கும் போகலாம், இங்கே தயாராகும் சரக்குக்கு அங்கே ஆர்டர் எடுக்கலாம். அங்கே உட்கார்ந்து வேலை செய்து அந்த ஊர்ச் சம்பளம் வாங்க முடியாது. பி1-ஐ வேலைக்குப் பயன்படுத்தியதாக இன்ஃபோசிஸ் மீது வந்த வழக்கு 2013 அக்டோபரில் 34 மில்லியன் டாலருக்குச் சமரசமானது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது, ஆனாலும் தொகை கட்டியது.

கோவை மெஷின் கம்பெனிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அமெரிக்காவுக்கு வெளியே தயாரித்து அங்கே விற்ற மெஷினை நிறுவிக் கொடுக்கவும் சர்வீஸ் செய்யவும் ஃபிட்டரை பி1-இல் அனுப்ப இடம் இருக்கிறது. விற்பனை ஒப்பந்தத்திலேயே அந்தப் பொறுப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும், அவருக்கு அந்த மெஷினைப் பற்றிய சிறப்பு அறிவு இருக்க வேண்டும், சம்பளம் இங்கிருந்தே போக வேண்டும். கட்டட வேலை இதில் சேராது. 2025 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய்-எல்ஜி பேட்டரி ஆலைக் கட்டுமான இடத்தில் 475 பேர் பிடிக்கப்பட்டார்கள். அதில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். குறுகிய கால வணிகப் பயணமாக வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். எது நிறுவும் பணி, எது வேலை என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு இது போதும். ஆகவே ஃபிட்டரை அனுப்பும் முதலாளி, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து அவர் கையில் கொடுத்து, அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியும்படி தமிழில் சொல்லி அனுப்ப வேண்டும். கவுன்டரில் நிற்கப்போவது அவர்தான், முதலாளி இல்லை.

தமிழா, ஆங்கிலமா?

சென்னையில் தமிழிலேயே பேசலாம், கேட்டால் ஏற்பாடு இருக்கிறது. தமிழில் பேசினால் கிடைக்காது என்பது வெறும் வதந்தி. ஆனால் வணிக விசாவுக்கு ஒரு தனி நெளிவு உண்டு. தமிழில் மட்டும் பேசுபவரிடம் அதிகாரிக்கு இயல்பாக எழும் கேள்வி, அங்கே பையரிடம் எந்த மொழியில் பேசுவீர்கள் என்பது. அதற்குப் பதில் இருந்தால் தமிழ்தான் சிறந்தது. "மெயில் எல்லாம் என் மெர்ச்சண்டைசர் பார்ப்பார், அவரும் கூட வருகிறார். துணியைத் தொட்டுப் பார்த்து விலை சொல்வது நான்." இதை விடத் தெளிவாக ஒரு முதலாளி தன்னை விளக்க முடியாது.

பையரோடு வாரா வாரம் வீடியோ காலில் உடைந்த ஆங்கிலத்திலேயே பேசி ஆர்டர் எடுப்பவர் என்றால் அந்த ஆங்கிலமே போதும். கவுன்டரில் இலக்கணத்துக்கு மார்க் இல்லை.

"என்ன ஏற்றுமதி செய்கிறீர்கள்?"

"கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் கிளாத். கரூர், தமிழ்நாடு."

"எதற்கு நேரில் போக வேண்டும்? ஜூமில் பேச முடியாதா?"

"துணியின் கனமும் கலரும் ஸ்க்ரீனில் தெரியாது சார். அடுத்த வருஷ கலெக்‌ஷனுக்கு நாற்பது சாம்பிள் கொண்டுபோகிறேன். அவர்கள் தொட்டுப் பார்த்துத் தேர்வு செய்வார்கள்."

இந்த நேரில் ஏன் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு நேர்மையான பதில் இருக்கும். அதை மட்டும் முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளலாம், மனப்பாடம் செய்ய வேண்டாம். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனபோது கரூருக்கும் திருப்பூருக்கும் அந்தப் பதிலைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. வரியை யார் எவ்வளவு தாங்குவது என்று நேரில் உட்கார்ந்து பேசாமல் எந்த ஆர்டரும் நகரவில்லை.

கனமான ஃபைலா, ஒல்லியான ஃபைலா?

அழைப்புக் கடிதம் இல்லாமல் விசா கிடைக்காது என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை, பார்வையாளர் விசாவுக்கு அது தேவையில்லை என்றே சொல்கிறது. ஆனாலும் வணிகப் பயணத்துக்கு ஒன்று வாங்கி வைப்பதுதான் என் வழக்கம், ஏனென்றால் தேதியும் முகவரியும் யார் செலவு என்பதும் ஒரே பக்கத்தில் இருக்கும். போன் உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் பையரின் முகவரி தாளில் இருந்தாக வேண்டும்.

மற்றபடி பத்திரம், வீட்டு வரி ரசீது, நகை மதிப்பீடு, ஃபிக்ஸட் டெபாசிட் என்று அட்டைப்பெட்டி கணக்கில் தூக்கிக்கொண்டு போவதில் பிரயோஜனம் குறைவு. பல நேரம் ஒரு தாளைக்கூடக் கேட்கமாட்டார்கள். மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு, இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டுச் சான்று, அதே பையருக்கு அனுப்பிய சமீபத்திய இன்வாய்ஸும் ஷிப்பிங் பில்லும், கண்காட்சி என்றால் பதிவு ரசீது, இவை போதும். கேட்டதும் இரண்டு நொடியில் எடுக்கும்படி வரிசையாக இருக்கட்டும். கேட்காமல் நீட்ட வேண்டாம்.

ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா இதற்கு நேர் எதிர், அதனால்தான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குப் போகிறவர் பெரும்பாலும் எந்த அதிகாரியிடமும் பேசவே மாட்டார். விண்ணப்பம் வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் முடிவு காகிதத்தை வைத்துத்தான். அங்கே அழைப்புக் கடிதமும் கண்காட்சி டிக்கெட்டும் 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் இல்லாமல் நகராது. கட்டணம் 90 யூரோ. அமெரிக்கப் பயணம் முதல் தடவை, அதுவும் அந்த பையர் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் வருகிறவர் என்றால், முதல் சந்திப்பை ஜெர்மனியில் வைத்துக்கொள்வதையும் யோசிக்கலாம். அப்படிப் போய்த் திரும்பியிருப்பது அடுத்த அமெரிக்க நேர்காணலுக்கு நல்லதே செய்யும், உத்தரவாதம் ஆகாது.

மனைவியையும் சேர்த்துப் போடுவதா?

விசா கிடைத்தால் பொதுவாக வணிகத்துக்கான பி1, சுற்றிப்பார்ப்பதற்கான பி2 இரண்டும் சேர்ந்த பத்து வருஷ முத்திரையாகத்தான் இந்தியர்களுக்குக் கொடுக்கிறார்கள். அதனால் "எப்படியும் கொடுக்கிறான், வீட்டுக்காரம்மாவுக்கும் சேர்த்தே போட்டுடலாம்" என்ற ஆசை வருவது நியாயம்தான். ஐந்து நாள் கண்காட்சி என்றால் தனியாகப் போவது கதையை எளிமையாக வைத்திருக்கும். கரூர்ப் பக்கம் பல நிறுவனங்களில் மனைவி பெயரில்தான் பங்கு இருக்கும். நிஜமாகவே கணக்கு வழக்கு பார்ப்பவர் என்றால் தாராளமாகச் சேர்ந்து போகலாம், அவரிடமும் கேள்வி வரும், அவரும் சொல்வார். ஜி.எஸ்.டி. பதிவில் மட்டும் பங்குதாரராக இருப்பவரை வணிகக் கூட்டத்துக்குப் போகிறார் என்று எழுதினால் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். அவருக்குச் சுற்றிப்பார்க்க என்றே எழுதுங்கள், அதுதானே உண்மை.

எந்த ஊர்த் தூதரகம் என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத் எங்கே வேண்டுமானாலும் போடலாம். எனக்குச் சென்னைதான், தமிழ் இருக்கிறது, சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். துபாயிலோ பாங்காக்கிலோ சீக்கிரம் ஸ்லாட் எடுக்கும் பழைய வித்தை இனி வேகாது. 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.

மறுத்துவிட்டால்

முடிவைத் தள்ளி வைக்கும் 221(ஜி) தாள் கொடுத்தால் கேட்ட ஆவணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம், விஷயம் முடிந்துபோகவில்லை. 214(பி) என்றால் மேல்முறையீடு கிடையாது, கட்டணமும் திரும்பி வராது. மறுநாளே திரும்ப விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. ஏஜென்ட்டுகள் உடனே அடுத்த ஸ்லாட்டைப் பிடிக்கச் சொல்வார்கள், அவர்களுக்கு அது இன்னொரு வரும்படி. அதே விண்ணப்பம், அதே பதில், வேறொரு கவுன்டர் என்று போனால் புது அதிகாரியின் திரையில் பழைய குறிப்பும் சேர்ந்தே தெரியும்.

போன விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எழுதியது நம் வியாபாரத்தைச் சொல்லவில்லை என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பல பேர் அப்போதுதான் தங்கள் விண்ணப்பத்தை முதல் முறையாகப் படிக்கிறார்கள். ஏஜென்ட்டிடம் பிரதி கேளுங்கள். தரமாட்டேன் என்றாலோ தொலைந்துவிட்டது என்றாலோ அடுத்ததை அவரிடம் கொடுக்க வேண்டாம். எழுதியது தப்பில்லை, வியாபாரம்தான் இன்னும் சின்னதாக இருக்கிறது என்றால் இரண்டு ஷிப்மென்ட் போகட்டும், ஒரு வருஷக் கணக்கு தாக்கலாகட்டும். அதற்குள் மாதிரிகளைக் கூரியரில் அனுப்பி, பையரின் சென்னை அல்லது பெங்களூரு பையிங் ஆபீஸ் வழியாகப் பேச்சை நகர்த்தலாம். அடுத்த விண்ணப்பத்தில் முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுதி, தேதியையும் போட்டுவிடுங்கள். கவுன்டரில் அதைப் பற்றிக் கேட்டால், அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிற நாளில் ஸ்லாட் போடுங்கள்.